டிரம்ஸ்காரன் போன பிறகு வந்த இசைத்தட்டு

திருத்தணி நூலகத்துக்கு ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாள் தாமதமாக வரும். அதைப் பிரித்து மேசையில் போடுவது உதவியாளனான என் வேலை. போடுவதற்கு முன் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தை நான் படித்துவிடுவேன். இங்கிலாந்து ராக் குழுக்களைப் பற்றி அங்கே எப்போதாவது நாலு வரி இருக்கும். எழுபதுகளின் கடைசியில், அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு மூன்று பேர் இரண்டு ஆண்டுகள் பேசினோம். அவ்வளவு சிறிய மூலத்துக்கு அவ்வளவு பெரிய உரையைப் பழைய உரையாசிரியர்கள்கூட எழுதியதில்லை.

மூவரில் ஒருவன் பொதட்டூர்பேட்டையில் இரண்டு விசைத்தறி ஓட்டிய என் பள்ளித் தோழன். இன்னொருவர் அவன் அக்காவின் கணவர். அவனுக்குப் பாவா என்பதால் எனக்கும் பாவா. மலையடிவாரத்தில் கேசட் கடை வைத்திருந்தார். கடை வாசலில் நாள் முழுக்க முருகன் பாட்டு ஓடும்; உள்ளே நாங்கள் மூவரும் ஓர் ஆங்கிலக் குழுவின் அடுத்த இசைத்தட்டு எப்படி இருக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். காவடி எடுக்க வந்தவர்கள் எங்களை ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் குழுவின் இசைத்தட்டை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிநாட்டு வானொலி ஒன்று அதன் ஒரு பக்கத்தை முழுதாக ஒலிபரப்பியபோது, தோழன் வீட்டு முன்னறையில் ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து அவனும் பாவாவும் பதிவுசெய்தது. டேப் வீணாகக் கூடாதென்று அறிவிப்பாளர் பேசி முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்தினார்களாம். நான் அன்று அங்கே இல்லை.

பொதட்டூர்பேட்டையில் ஞாயிறு விடுமுறை கிடையாது. தறி நிற்பது அமாவாசைக்கு மட்டும்தான். அதனால் நான் அங்கே போனதெல்லாம் அமாவாசையன்றுதான். தெருவே வாயடைத்துக் கிடக்கும் அந்த ஒரு நாளில் முன்னறையில் உட்கார்ந்து கேசட்டைக் கேட்போம். கிடாருக்கும் குரலுக்கும் அடியில் கனமான ஓர் அடி விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும் அது நிற்காது. இதற்கு நான் விளக்கம் கண்டுபிடித்தேன். பாட்டுகள் தனித்தனி அல்ல, முழுப் பக்கமும் ஒரே பாட்டு, அந்த அடி காலத்தின் குறியீடு. இதைக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றில் ஏழு பக்கக் கட்டுரையாகவும் எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். இரண்டு பேர்.

தோழனுக்கு அந்த அடி வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. அவன் காது கெட்டுக்கொண்டிருந்தது. வேலூரில் பார்த்த டாக்டர், மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், தறிக்கொட்டகையை விடாவிட்டால் மற்றதும் போகும் என்று சொல்லியிருந்தார். கொட்டகையை விட்டால் வீட்டில் ஆறு பேர் என்ன செய்வது என்று டாக்டரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கிடார் அவனை விட்டு ஏற்கெனவே போயிருந்தது. அந்த அடி மட்டும் கேட்டது.

"அது கேக்கற வரைக்கும் காது இன்னும் கீதுன்னு அர்த்தம்" என்பான்.

இந்த நிலையில்தான் பத்திரிகையில் அந்த நாலு வரி வந்தது. குழுவிலிருந்து டிரம்ஸ்காரன் விலகிவிட்டான். அடுத்த இசைத்தட்டு புது ஆளோடு வரும். கடையில் போய்ச் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய தோழன் பாவாவின் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"பூட்டானா? இன்னாத்துக்கு?"

"அது போடலடா" என்று கத்தினேன்.

"புது ஆளு வந்துகினு கீறானே, அப்புறம் இன்னா மச்சான்?" என்றார் பாவா.

"வந்தா? அந்த அடி வருமா அவனுக்கு? பாட்டு முடிஞ்சாக்கூட அடிச்சிகினே இருக்கறவன் பாவா அவன். அந்த மாதிரி ஆளு ஒருத்தன்தான்."

"ரெண்டு டிரம்ஸ் வெப்பாங்க பாரு" என்றேன், ஏதோ அந்தக் குழு என்னைக் கலந்தாலோசித்தது போல.

"லைப்ரரிக்காரரு லண்டன்லேர்ந்து வந்துட்டாரு" என்றார் பாவா.

அதன் பிறகு இரண்டு ஆண்டு. வரும், வராது, தள்ளிப்போகிறது. புது ஆள் நன்றாக அடிப்பானா என்று தோழன் கேட்காத நாளில்லை. நானும் ஒவ்வொரு முறையும் அடிப்பான் என்று உறுதி சொன்னேன். எனக்கு டிரம்ஸுக்கும் தவிலுக்கும் வித்தியாசம் தெரியும் என்பதோடு சரி.

கடைசியில் இசைத்தட்டு சென்னைக்கு வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, பாவா அங்கே ஒரு கடையில் போய்ப் பதிவுசெய்துகொண்டு வந்தார். கையோடு பழைய இசைத்தட்டையும் இன்னொரு கேசட்டில் சுத்தமாகப் பதிவுசெய்து வாங்கி வந்திருந்தார். அமாவாசை வரை காத்திருந்து, காலையில் முன்னறையில் உட்கார்ந்தோம். தோழனின் அப்பா, அவர்கள் பேச்சில் நைனா, வாசலில் கட்டிலில் படுத்திருந்தார்.

புதியதைப் போட்டோம். டிரம்ஸ் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி போல அடக்கமாக, பாட்டு நின்றபோது தானும் நின்றது. தோழன் முகம் மாறாமல் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான்.

"பழசு போடு பாவா."

சுத்தமான பழைய பதிவு ஓடியது. அதிலும் அந்த அடி இல்லை.

தோழன் ஸ்பீக்கருக்கு அருகில் போனான். காதை வைத்தான். கையை வைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பூட்ச்சிடா" என்றான். "அதுவும் பூட்ச்சி."

எனக்கும்தான் கேட்கவில்லை. என் காதில் கோளாறு இல்லை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பதிவுசெய்த ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தறியும் ஓடியிருக்கும். தறியோடு பிறந்த இருவருக்கும் அது அன்று காதில் விழுந்திருக்காது, மூச்சு விடும் சத்தம் நமக்கு விழாதது போல. அது தறியென்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. காலத்தின் குறியீடு, ஏழு பக்கம். அவன் தன் காது செத்துவிட்டதாக நினைத்துத் தரையில் உட்கார்ந்திருக்க, நான் என் கட்டுரையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியாது.

பிறகு அவன் முன்னால் போய் உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி சொன்னேன். "காது போகலடா. இதுல அந்த அடியே கெடயாது. அது உங்க தறி."

அவன் பாவாவைப் பார்த்தான். பாவா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்றான் பாவா. என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றான்."

"இல்லடா."

"அப்ப இத்தினி வருசமா நான் எங்க தறியவா கேட்டுகினு இருந்தேன்?"

அவன் எழுந்து பின்பக்கம் போனான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. தறி ஓட்டத்தான் போகிறான் என்று பாவாவுக்குப் புரிந்துவிட்டது. "மச்சான், இன்னிக்கி வாணாம். நைனா கீறாரு" என்று கத்தினார். முதுகுக்குப் பின்னால் கத்தி அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது.

மோட்டார் உறுமியது. அமாவாசையன்று அந்தத் தெருவில் ஒரு தறி ஓடத் தொடங்கியது. சுவர் வழியாக அடி வந்து தரையில் இறங்கியது. பாவா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி அதே பாட்டை முதலிலிருந்து வைத்தார். எங்கள் பழைய பாட்டு அப்படியே திரும்பி வந்தது.

தோழன் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"ஆங்" என்றான். "இதான்."

சிரிப்பானென்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வரும்வரை அடி விழுந்துகொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"புதுசைப் போடு பாவா."

இரண்டு ஆண்டு சண்டை போட்டுக் காத்திருந்த இசைத்தட்டை அவன் அப்படித்தான் கேட்டான், ஒற்றைத் தறியோடு. தீர்ப்பும் சொன்னான்.

"புது ஆளும் நல்லாத்தான் அடிக்கறான்."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நைனா கட்டிலை விட்டு எழுந்து உள்ளே வந்தார். "அமாவாசையில எவன்டா தறி ஓட்டறது? இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமாடா உனக்கு?" அவன் தோளுக்கு அருகில் நின்று கத்தினார்.

அவன் திரும்பவில்லை. தறிச் சத்தத்தாலா, காதாலா, தறி நின்றால் தெரிந்துவிடும் என்று நான் பாவாவைப் பார்த்தேன். பாவா எழுந்து தறியை நிறுத்தப் போனார்.