மூன்று பேருக்கு அளந்த அரிசி

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த என் ஒரே மகன், போன வருஷம் இடி விழுந்து அங்கேயே போய்விட்டான். மேலே இருந்து வந்த அடிக்கு மேலே இருக்கிறவரைத்தானே கேட்க வேண்டும்? கேட்டேன். பதில் இல்லை. ஆலயத்துக்குப் போவதையும் ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்.

எங்கள் சபைப் பெண்கள் நாங்கள் எல்லோரும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போட்டு வைப்போம். மாதக் கடைசியில் சபைக்காக ரெஜினா அக்கா வந்து வாங்கிப் போவார். நான் ஜெபத்தை விட்ட மாதம் அவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

“எங்கிட்ட விசுவாசமும் இல்ல, காணிக்கையும் இல்ல. இனிமே வராதீங்கக்கா.”

அவர் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தார். விளிம்பு வரை அரிசி இருந்தது.

“அது காணிக்கை இல்லக்கா. கைப்பழக்கத்துல மூணு பேருக்கு அளந்துருதேன். பொறவு நெனப்பு வந்து அவன் பங்க எடுத்து அதுல கொட்டுதேன். திரும்ப மூட்டையில போட மனசு வரல.”

அக்கா பானையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மேல இருக்கவரும் மகனச் சாவக் குடுத்தவருதான, ஏட்டி. இது யாரு பங்குன்னு அவருக்குத் தெரியும்.”

ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருவரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசினேன். பாதி ஜெபம், பாதி ஏச்சு.

இன்றும் மூன்று பேருக்குத்தான் அளக்கிறேன். இப்போது தெரிந்தே அளக்கிறேன்.