இடக்கைக்கு அடித்த கத்தி

என் கணவரின் அண்ணனை நான் மன்னித்துவிட்டதாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. நான் யாரையும் மன்னிக்கவில்லை. எனக்குக் கோபம் வர ஒரு நிமிஷம் போதும், போவதற்குத்தான் வழி தெரியாது. நடந்தது இதுதான்.

நான் இடக்கைக்காரி. எங்கள் பக்கத்தில் அதைப் பீச்சாங்கை என்பார்கள். அது எந்த வேலைக்கு உண்டான கை என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் எழுத மட்டும் விட்டார்கள். சோறு, காசு, விபூதி எல்லாவற்றுக்கும் வலது கையை நீட்ட வேண்டும், மறந்து இடது நீண்டால் ஓர் அடி விழும். கத்தரிக்கோலிலிருந்து கல்லூரியில் பலகை வைத்த நாற்காலிவரை எல்லாமே மற்றவர்களின் கைக்குச் செய்தவை. அதெல்லாம் எனக்குப் பழகித்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணவரின் ஊரில் ஒரு விருந்து. பரபரப்பில் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டே போனேன். கணவரின் அண்ணன் இலைக்கு வந்ததும் அவர் அதை மடித்து மூடினார்.

“இன்னாம்மா, பீச்சாங்கையால ஊத்துற? மன்சன் துன்றதா வேணாவா?”

பந்தி முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். இல்லை என்று இன்று சாதிக்கிறார். நான் கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றே கணக்குத் தொடங்கிவிட்டது.

எனக்கு வேலை சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த தொழிற்பேட்டையில், ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கே போய்த்தான் இந்தக் கத்திப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்கள் பட்டுப்புடவை எடுப்பார்கள், நான் கத்தி வாங்குவேன். பட்டறையில் கையால் அடித்த ஜப்பான் சமையல் கத்திகள். காய்க்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று சேர்ந்து ஊரப்பாக்கம் வீட்டில் ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிட்டது. மணைக்கட்டையில் உட்கார்ந்து கூர்க்கல்லை நனைத்துத் தீட்ட ஆரம்பித்தால் எனக்கு வேறு நினைப்பே வராது. வீட்டில் சாப்பாடு தாமதமாகும், ஆகட்டும்.

அதில் ஒரு வகைக் கத்தி உண்டு, யனாகிபா என்று பெயர். பச்சை மீனை மெல்லிய வில்லையாக அரிவதற்கான நீளக் கத்தி. அதற்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. சரிவு வலப்பக்கம் இருந்தால் வலக்கைக்காரருக்கு, இடப்பக்கம் இருந்தால் இடக்கைக்காரருக்கு. இடக்கைக்கு வேண்டுமென்றால் சொல்லித்தான் செய்ய வேண்டும். விலையும் கூட. ஒரு பட்டறைக்கு எழுதிப் போட்டேன். பதிலில் அவர்கள் முதலில் கேட்டதே “எந்தக் கைக்கு?” என்பதைத்தான். என்னை அப்படி யாருமே கேட்டதில்லை. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துச் சீட்டுப் பெண் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்த பிறகு கத்தி வந்தது. முதல் நாள் ஒரு சூரை மீன் துண்டை அரிந்தேன். நான் அழுத்தவில்லை, இழுத்தேன், அது போனது. கை எங்கே போக நினைத்ததோ கத்தியும் அங்கேயே போனது. மற்றவர்களுக்கு எல்லாச் சாமானும் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பாவிகள், ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் அண்ணன்காரர் லாரி தொழிலோடு சேர்த்து மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக ஓர் உணவகம் திறந்தார். ஆயுத பூஜையைக் குடும்பம் மொத்தமும் அங்கேதான் போட வேண்டும், ஆளுக்கொரு ஆயுதம் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. நான் ஆபீசிலிருந்து நேராகப் போனேன். வாழையிலையில் லாரிச் சாவி, நாத்தனாரின் தையல் கத்தரி, யாருடையதோ லேப்டாப். நடுவில் என் இடக்கைக் கத்தி. வெறும் இரும்பு அது, ஈரம் பட்டாலே கறுக்கும். அதில் நீளத்துக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, அறுத்த எலுமிச்சையை மேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். என் கணவர்தான் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். “அண்ணன் கேட்டாரு” என்றார்.

பூஜை முடிந்ததும் துடைத்து எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அண்ணன்காரர் தடுத்துவிட்டார்.

“பூஜையில வெச்சாச்சும்மா. கடை ஆயுதம் ஆயிடுச்சு. இப்ப எடுத்தா கடை வெளங்குமா?”

“அது என்னுது மாமா.”

“இன்னாம்மா, ஒரு கத்திக்கு இவ்ளோ பேஜாரு. மீன் ஆயறதுக்கு வூட்ல அருவாமணை இல்லியா?”

மறுவாரம் அது கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. சாப்பிட வருபவர்களிடம், தானே ஜப்பானிலிருந்து வரவழைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், மாமியார் மூலம் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். கணவர் ஒரே பாட்டைப் பாடினார்: “வுடு, எங்க போவப் போவுது? அண்ணன் கடையில தான கீது.” அவருக்கு ஒரு வாரம் சோறு போடவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார், அதுவும் அண்ணன் ஓட்டலில்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணன்காரரே போன் செய்தார், குரலில் தேன்.

“ஒங்க கம்பெனி ஜப்பான்காரங்கள ஞாயித்துக்கெழம மத்தியானம் இட்டுகினு வாம்மா. அவுங்க ரெகுலரா வந்தா கடை நெலைச்சுடும். நானே அந்தக் கத்தியப் புட்ச்சு அவுங்க எதிர்ல மீன் கட் பண்றேன். நீ பக்கத்துல நின்னுகினு நான் சொல்றத அப்டியே சொல்லு. சொந்த சரக்கு சேக்காத.”

“அவுங்க சொல்றத?”

“அதையும் அப்டியே சொல்லு.”

“சரி மாமா” என்றேன். அவ்வளவு பணிவாக நான் அவரிடம் பேசியதே இல்லை, அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் நாளே வந்து கூர் போட்டுக் கொடுக்கவும் சொன்னார். கூர்க்கற்களைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். குங்குமம் இருந்த இடமெல்லாம் பொரிப் பொரியாகத் துரு. அதைத் தேய்த்து எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். அப்படியே பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். போயிருந்தால் பூஜைப் பொருளைத் திருடிக்கொண்டு போனவள் என்று ஆயுசுக்கும் பேசியிருப்பார்கள். எனக்கு அது போதாது. அவர் வாயாலேயே, எல்லோர் எதிரிலும், இது இவளுடையது என்று வர வேண்டும். அதற்காகவே அந்தக் கத்தியை அதன் ஆயுளில் இல்லாத கூராகத் தீட்டினேன். விரலை வெட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவுத் தலைவரும் இன்னும் இரண்டு ஜப்பானியரும் வந்தார்கள். தலைவரிடம் நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ருசி குறைந்திருக்கும். குடும்பமும் மொத்தமாக வந்திருந்தது, அண்ணன்காரர் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போடுவதைப் பார்க்க. விடியற்காலையில் கொக்கிலமேட்டில் வாங்கிய சூரை, தோல் நீக்கிப் பலகைமேல் சிவப்பாகக் கிடந்தது.

இடக்கைக் கத்தியை வலது கையில் பிடித்து அரிந்தால் அது நேராக இறங்காது, வெளிப்பக்கமாக ஓடும். முதல் வில்லை மேலே தடியாக இருந்தது, பாதிக்குக் கீழே காணாமலே போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அவர் ஆத்திரத்தில் அறுக்கத் தொடங்கினார், மரம் அறுப்பதுபோல. சதை நார் நாராகப் பிய்ந்தது. “மீன் சரியில்ல, அதான்னு சொல்லு” என்றார். அப்படியே சொன்னேன்.

தலைவர் மீனைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் இடது கையால் குறிப்பு எடுப்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர். மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரே ஒரு சொல்லை மட்டும் நானாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“மாமா, சார் கேக்கறாரு. இது பீச்சாங்கைக்காரங்களுக்குன்னு செஞ்ச கத்தியாச்சே, நீங்க ஏன் சோத்தாங்கையில புட்ச்சுகினு கீறீங்க? இது யாரோட கத்தி?”

அவர் என்னை முறைத்தார். “குடும்பத்துக் கத்தின்னு சொல்லு.”

சொன்னேன். தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். அதையும் சொன்னேன். “குடும்பத்துல பீச்சாங்கைக்காரங்க யாருன்னு கேக்கறாரு.”

மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். நாத்தனார் போனை எடுத்தாள். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்காரரின் கழுத்தில் வியர்வை இறங்கிக் கோட்டுக் காலருக்குள் போனது. மூன்று ஜப்பானியரும் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் காத்திருக்க நன்றாகத் தெரியும்.

“இவளுது” என்றார் கடைசியில். “என் தம்பி பொண்டாட்டியோடது. அவதான் பீச்சாங்கை.”

நான் அதையும் மொழிபெயர்த்தேன், என்னைப் பற்றி என்றே காட்டிக்கொள்ளாமல். இது இவருடைய தம்பி மனைவியின் கத்தி, அந்தப் பெண்மணி இடக்கைக்காரர் என்று. தலைவர் எழுந்து எனக்குத் தலைவணங்கி, அப்படியானால் மீனை நீங்கள் அரியலாமே என்றார்.

அண்ணன்காரர் கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். அவர் தரவில்லை. பெரியவர்களிடம் இடது கையால் எதையும் வாங்கக் கூடாது, கொடுப்பவருக்கு அது அவமானம். அது எனக்குத் தெரியாதா?

“சோத்தாங்கைய நீட்டும்மா” என்றார், உதடு அசையாமல்.

“இது அந்தக் கைக்கு செய்யல மாமா.”

நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியை என் இடது உள்ளங்கையில் வைத்தார். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று மறைக்க மாட்டேன். இப்போதும் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மீன் முழுவதையும் அரிந்து வைத்தேன். கத்தியைக் கழுவித் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அதன் மர உறையில் செருகி, அவர் கண்ணெதிரிலேயே என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். 

திரும்பும்போது வண்டியில் கணவர் ஆரம்பித்தார். “இன்னா இருந்தாலும் பெரியவரு. எல்லார் எதிர்லயும் இப்டிப் பண்ணியிருக்க வேணாம்.”

“அவரும் எல்லார் எதிர்லதான் இலைய மூடுனாரு. நீயும் சிரிச்ச.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினார்.