அல்லி இலையின் அடிப்பக்கம்

அல்லி இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும். சோப்புப் போட்டாலும் குட்டைச் சேற்றின் வாடை சாயங்காலம் வரை போகாது. இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரத்தில் நான் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, தாவரவியல் லேபுக்கு ஆளுக்கோர் இலை கொண்டுவரச் சொன்னார்கள். எல்லோரும் பள்ளிக் காம்பவுண்டுச் செம்பருத்தியைப் பிய்த்து வர, நான் மட்டும் என் பெஞ்சுத் தோழி தேவியின் முடிச்சூர் வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டையில் அல்லி இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.

இலை தட்டையாக விரிந்திருப்பது வெயிலை வாங்க, மேல்தோலுக்கு அடியில் பச்சையச் செல்கள் நெருக்கியடித்து நிற்பது அந்த வெயிலை வீணாக்காமல் உணவு சமைக்க, அதற்கு வேண்டிய கரியமில வாயு நுழையும் துளைகள் அடிப்பக்கத்தில் என்று படித்திருந்தோம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் என் இலையின் அடித்தோலில் ஒரு துளைகூட இல்லை. மேல்தோலில் கொள்ளையாக இருந்தன. கொஞ்ச நேரம் திகைத்தேன். தண்ணீரில் மிதக்கிற இலை காற்றை மேலேயிருந்துதானே வாங்க முடியும் என்று புரிந்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்ததை அப்படியே ரெக்கார்டு நோட்டில் வரைந்தேன்.

எங்கள் பள்ளியில் யாரும் அப்படி வரைவதில்லை. சீனியர் அக்காக்களின் ரெக்கார்டை வாங்கி "ஈயடிச்சான் காப்பி" அடிப்பதுதான் வழக்கம். பாதிப் பேர் லென்ஸில் கண்ணையே வைக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட டீச்சர், என் படத்தின் குறுக்கே மட்டும் சிவப்பு மையால் கோடு இழுத்தார். ஸ்லைடு இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். மைக்ரோஸ்கோப் நாலு எட்டு தூரத்தில் இருந்தது, அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"புக்குல இருக்கிறத வரைம்மா. நீ பாத்ததுக்கெல்லாம் மார்க் கிடையாது."

கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். தேவி தன் ரெக்கார்டைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"இன்னாத்துக்குடி பேஜாரு? இத்தப் பாத்து வரைஞ்சி குட்த்துட்டுப் போ."

புதுப் பக்கத்தில் வரைந்தேன். துளைகளையெல்லாம் அடிப்பக்கத்தில் போட்டு, மேலே அழகாக 'அல்லி இலை' என்று தலைப்பும் எழுதினேன். அப்படியோர் இலை நிஜமாக இருந்தால் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்திருக்கும். டீச்சர் அதற்கு முழு மார்க் போட்டு 'வெரிகுட்' என்றும் எழுதினார்.

குட்டையை மண்ணடித்து மனை போட்டுவிட்டார்கள். இன்று அங்கே நாலு மாடி ஃபிளாட் நிற்கிறது, யாருக்காவது அல்லியைக் காட்ட வேண்டுமானால் எங்கே கூட்டிப்போவதென்று தெரியவில்லை. டீச்சர் மேலிருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவராவது பார்க்காமல் சொன்னார். நான் பார்த்துவிட்டும் மாற்றி வரைந்தேன்.