தெருவை எழுப்புகிறவள்

கர்ப்பப்பையோடு முட்டைப்பையையும் எடுத்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அப்போது வயது நாற்பத்து நான்கு. இரவில் திடீரென்று உடம்பு கொதிக்கும், நைட்டி நனையும், பிறகு குளிரும். அதன்பின் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். ஹார்மோன் மாறியதால் இப்படி, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. சொல்லும்போதே ஒரு கொட்டாவி விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. குழாய்த் தண்ணீர் நள்ளிரவு ஒன்றிலிருந்து நான்குக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விழித்திருந்து மற்றவர்களை எழுப்புவோம். என் கதை தெரிந்ததும் முறை நின்றுபோனது.

“நீ எப்டியும் முழிச்சிக்கினு தானக்கா இருக்க, ஒரு குரல் குடு,” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

என் வீட்டுக்காரர் அதற்கும் மேல். “எங்கூட்டுக்காரிக்கு பெர்மனென்ட் நைட் டூட்டி,” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தெருவே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு வருடம் ஏழு கதவுகளைத் தட்டினேன். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். பேக்கிங்கில் நின்றபடியே கண் சொருகும். “நைட்ல ஊட்ல இன்னா பண்ற நீ?” என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். யார் தூங்கினாலும் எனக்கு வயிறு எரிந்தது. எதிர்வீட்டுக் கதவைக் காலால் உதைத்து எழுப்பியிருக்கிறேன். தண்ணீர் வராத ஒரு நாளிலும் உதைத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்துப் பத்து நாள் இருக்கும். ஒன்பதரைக்குப் படுத்தேன், தூங்கிவிட்டேன். வியர்க்கவில்லை, கனவும் வரவில்லை.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வீட்டுக்காரர்தான்.

“இன்னா தூங்கிக்கினு கீற? தண்ணி வந்து பத்து நிமிசம் ஆவுது. போய் எல்லாரையும் எழுப்பு.”

குழாய்ச் சத்தத்தில் அவருக்கே விழிப்பு வந்திருக்கிறது. ஒரு குடத்தைக்கூட எடுத்து வைக்காமல் நேராக என்னிடம் வந்திருக்கிறார்.

“யோவ், நீ போய்த் தட்டியிருக்கலாம்ல?”

“அது உன் வேலை,” என்று படுத்துக்கொண்டார்.

போனேன். ஏழு கதவுகளையும் தட்டினேன். “இன்னாக்கா இன்னிக்கி லேட்டு?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. குடங்களை நிரப்பிவிட்டு உள்ளே வந்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அந்த ஆளை நான் அடியோடு வெறுத்தது அப்போதுதான். தலையணையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

காலையில் இட்லியைப் பிட்டபடி சொன்னார்: “நேத்து நல்லா தூங்கின போல. அந்த மாத்திரைய நிறுத்திடு. தண்ணி வர்றது உனுக்குத் தெரிய மாட்டேங்குது.”