கொட்டாஞ்சேனைக்கு அக்காவைக் கூட்டிவரப் போனது

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏழு மைலுக்குள்தான். இதையும் பயணம் என்று எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். ஆனால் அக்கா வீட்டை விட்டுப் போன இரண்டு வருடத்தில் எங்களில் ஒருவரும் அந்த ஏழு மைலைக் கடக்கவில்லை. இயேசு சொன்னதைச் சொன்னபடியே செய்யப் போகிறேன் என்று ஆசிரியை வேலையை விட்டவர், துறைமுகத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசையில் ஓர் அறை எடுத்துப் போக்கிடமற்ற நோயாளிகளைப் பராமரித்து வந்தார். உலக யுத்தம் முடிந்த அடுத்த மாசியில், அவருக்கு இருதயம் பழுது, ஓய்வில்லாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. அம்மா என்னை அனுப்பினார்.

காலை ஏழு பத்துக்கு ரயில். கோட்டைக்கு இருபது நிமிடம், மூன்றாம் வகுப்புக்குப் பதினைந்து சதம். கடல் பக்கம் உட்காராதீர்கள், சட்டை பிசுபிசுத்துவிடும். பிறகு டிராம். இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் ஐம்பது சதம் கேட்டார், நான் முப்பதில் நின்றேன். லயத்தின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் தணிந்துவிட்டது.

“டீச்சரம்மா வீடுங்களா? ஏறுங்க, காசு வேணாம். எம் பொஞ்சாதி அவங்க மடியிலதாங்க உசுர விட்டா.”

ஏறிக்கொண்டேன். லயம் அங்கிருந்து அரை மைல்.

அக்கா புண் கட்டிய துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உள்ளே பாயில் முத்தம்மா என்ற கிழவி. கக்கூஸ் வாளி சுமந்து பிழைத்தவர், இப்போது எழுந்து நடக்கமாட்டார்.

“அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா, அக்கா.”

“வாறன் தம்பி. எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு. முத்தம்மாவும் வருவா. அவவுக்கு ஆருமில்லை.”

எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் ஜெபம் நடக்கும். கூலிக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் மட்டும் தேங்காய்ச் சிரட்டையில். அது எங்களுக்கு வழக்கமாகவே ஊறிப்போயிருந்தது. அதனால் நல்லதுதான் சொல்கிறேன் என்று நினைத்தே சொன்னேன்.

“ஓம், வரட்டும். விறகுக் கொட்டிலைக் கூட்டி விடலாம். சிரட்டை ஒண்டும் வைக்கலாம்.”

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“அப்ப எனக்கும் அந்தச் சிரட்டையிலதான் ஊத்துவியோ? இஞ்ச நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கோப்பையிலதான் குடிக்கிறம். நீ போயிட்டு வா, தம்பி.”

பதினொரு மணி ரயிலில் தனியாகத் திரும்பினேன். அக்கா மேல் கோபம்கூட வந்தது.

ஆடியில் அதே ரிக்‌ஷாக்காரர் எங்கள் வீடு தேடி வந்து, அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னார். பத்து ரூபாய்க்கு மோட்டார் வான் பிடித்துப் போனேன். அக்காவின் உடலை ஏற்றியபோது முத்தம்மா பாயில் கிடந்தபடியே கேட்டார்.

“நானும் வரட்டுங்களா ஐயா? உள்ள வரமாட்டேன். கேட்டுக்கு வெளிய கிடந்துக்கிறேன்.”

நானும் ரிக்‌ஷாக்காரரும் அவரைத் தூக்கி அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தோம். எனக்கு அழுகை அடங்கவில்லை. வீட்டில் அப்பா முத்தம்மாவைப் பார்த்தார். பிறகு தன் சாய்வுக் கதிரையை வீட்டு நடு ஹோலுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, அதில் அவரை இருத்தச் சொன்னார். அக்கா ஐந்து மாதத்துக்கு முன் கேட்டதும் இவ்வளவுதான்.

லயத்து அறையை இப்போது இரண்டு பெண்கள் நடத்துகிறார்கள். போகிறவர்கள் பத்து மணிக்கு முன் போங்கள், புண் கட்டப் பழைய சேலை, வேட்டி கொண்டுபோங்கள். யாரையாவது வீட்டுக்குக் கூட்டிவரப் போவதானால், அவரோடு இருப்பவருக்கும் வீட்டுக்குள் இடம் ஒழுங்கு செய்துவிட்டுப் புறப்படுங்கள். நான் செய்யவில்லை. அக்கா உயிரோடு வரவில்லை.