இரண்டு பக்கமும் ஒரே வரி

ஷோபனாவுக்கு வாயாட வராது. தளவானூரில் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகலெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு, சாயந்தரம் அதே கட்டடத்து மாடியில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண் அவள்.

அவளுடைய அப்பா தனகோட்டி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "பரீட்சைல பாஸாயிட்டா மெட்ராஸ் கம்பெனிக்குப் போ. இல்லன்னா நான் சொல்ற எடத்துல கட்டிக்கோ." அதை நம்பிச் சோறு தண்ணி மறந்து படித்தாள்.

பயிற்சிக்கு ஒரு விளையாட்டு நிரலை எழுதினாள். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை மறைத்து வைக்கும், ஐந்து வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். 'இஃப்' என்று நிபந்தனை போட்டு, ஜெயித்தால் இத்தனை வரி, தோற்றால் இத்தனை வரி என்று நீட்டி முழக்கியிருந்தாள். பாடம் நடத்தும் சாந்திகுமார் சார் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஜெயிச்சாலும் விடையக் காட்டி ஆட்டத்த மூடுற. தோத்தாலும் அதையேதான் செய்யுற. ரெண்டு பக்கமும் ஒரே வரின்னா இஃப்புக்குள்ள எதுக்கும்மா? வெளிய எடுத்துக் கீழ ஒரே தடவ போடு. எப்படியும் நடக்கத்தான போவுது."

எடுத்துப் போட்டாள். நிரல் பாதியாகச் சுருங்கியது. ஆனால் அவள் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் அம்மா காரணம் சொல்லாமல் பட்டு ரவிக்கைக்கு அளவு எடுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டாள்.

"நைனா, நான் பாஸாயிட்டா நெஜமா அனுப்புவியா?"

"அனுப்புறேன். பூ வச்சிட்டுப் போ, யாரு வேணான்னது?"

"ஃபெயிலாயிட்டா?"

"அப்பவும் பூதான்."

மாப்பிள்ளை வீட்டார் வந்து தலையில் பூ வைத்துவிட்டால், கல்யாணம் வரைக்கும் பெண்ணை ஊர் தாண்ட விடமாட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் அவர்கள் இஷ்டம். இது தனகோட்டிக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். இருந்தாலும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"அப்ப நான் எதுக்கு நைனா படிக்கணும்?" என்று கேட்டாள்.

தனகோட்டி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"படி. பரீட்சய நல்லா எழுது," என்றார். "முடிஞ்சதும் நேரா வூட்டுக்கு வந்துடு. அன்னிக்குச் சாயந்தரமே அவங்க வராங்க."