குடிபாலாவின் சப்பாத்திக்கள்ளி வேலி

2003 மே மாதம் சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கத்தான் கிளம்பினேன். திருப்பதியிலிருந்து சித்தூர் 70 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தரிசனம் முடித்து வேலூர் பஸ்ஸில் வரும்போது, வேலிகளில் சப்பாத்திக்கள்ளி சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. நாக்கு சும்மா இருக்குமா? ஆறு ரூபாய் டிக்கெட்டோடு, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் குடிபாலாவில் இறங்கிவிட்டேன். மணி பதினொன்று.

வெறுங்கையால் பறித்ததில் விரலெல்லாம் சுணைமுள் ஏறிவிட்டது. வேலிக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தார்.

“இன்னா சார், ரோசாப்பூன்னு நெனச்சிக்கினியா?”

அவர் பெயர் செல்வி. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அந்தத் தெருவில் பாதி ஆண்கள் அங்கேதான். மழை இல்லை, வைக்கோல் தீரப்போகிறது. வீட்டில் இருப்பது ஒரே மாடு, எட்டு மாதச் சினை.

“சந்தைக்கு ஓட்டிடுன்னு போன்ல சொல்லிக்கினே கீறாரு. செனை மாட்ட எப்டி சார் ஓட்டறது?”

அவர் செய்த வேலையை வாய் பிளந்து பார்த்தேன். கள்ளி மடலைக் கவைக்கோலில் குத்திச் சுள்ளித் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினார். முள் படபடவென்று பொரிந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே நறுக்கி, ஒரு பிடி வைக்கோல் கலந்து போட்டார். வெறும் கள்ளி என்றால் மாட்டுக்குக் கழியுமாம்.

வேலியிலேயே செழித்த புதரை மட்டும் அவர் தொடவில்லை. குனிந்து பார்க்கச் சொன்னார். முள்ளுக்கு அடியில் ஒரு கௌதாரி, அசையாமல். நாய் மூக்கை நுழைக்க முடியாத இடம்.

“இது வயித்துல வச்சிக்கினு கீது, அது முட்டமேல குந்திக்கினு கீது. எத வெரட்டறது?”

“குஞ்சு பொரிக்கிற வரைக்கும் மாட்டுக்கு?”

“கொறச்சலா துன்னும்.”



போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், நான் வெந்துபோனேன். பழத்தைத் துணியால் பிடித்து மண்ணில் புரட்டுங்கள், நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்னுங்கள். புதரைக் குச்சியால் கிளறாதீர்கள்.

ஜூலையில் மறுபடி அங்கே இறங்கினேன். மாடு எலும்பும் தோலுமாக நின்றது. மடியை முட்டிக்கொண்டு ஒரு கன்று. செழித்த புதர் இருந்த இடத்தில் அடிக்கட்டைதான் மிச்சம்.

“குஞ்சுங்க வெளிய போன மறுநாளே வெட்டிட்டேன் சார். இன்னும் ஒரு நாள்னா மாடு தாங்கியிருக்காது.”

நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கட்டையில் அதற்குள் கட்டைவிரல் அளவில் மூன்று புது மடல்கள் வந்திருந்தன.